மருந்துக்கு அடங்காத வலிப்பு: சத்திரசிகிச்சை என்றொரு வழி உண்டு

வலிப்பு வந்து ஒருவர் விழுந்துவிட்டால் நமது லயங்களில் முதலில் தேடப்படுவது இரும்பு. சாவிக்கொத்து, அரிவாள், சில நேரம் கவ்வாத்துக் கத்திகூட அந்தக் கைக்குள் திணிக்கப்படும். இரும்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். அடங்கியதும், "பார்த்தீங்களா, இரும்பைப் பிடிச்சதும் நின்னுடிச்சு" என்பார்கள். இந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டதற்குக் காரணம் இதுதான்.

பசறையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு மாதர் சங்க வேலையாகப் போய்வருபவள் நான். வலிப்பு நோயுள்ள பெண்களை அடிக்கடி சந்திக்கின்றேன். அவர்களில் பலர் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, மலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று நன்றாகவே இருக்கின்றார்கள். உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 வீதமானோர் வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது. இது நல்ல செய்தி. ஆனால் மீதி 30 வீதத்தினரைப் பற்றி யாரும் நம்மிடம் பேசுவதில்லை. அவர்கள் மாத்திரையை மாற்றி மாற்றி விழுங்கியபடி, அடுப்பங்கரைக்கும் மலைக்கும் பயந்து பயந்து போய்வருகின்றார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகின்றது.

நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி இருக்கின்றாள். வயது 26. கைக்குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலோடு வெகுநேரம் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். பிறகு பத்து வருடம் ஒன்றுமில்லை. பதினொரு வயதில் வேறு விதமாகத் தொடங்கியது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சை நோக்கி ஏறுவது போலிருக்கும். காரணமில்லாத ஒரு பயம் வரும். பிறகு கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். வாய் எதையோ மெல்லுவது போல அசையும். வலது கை இடுப்பிலுள்ள படங்கைப் பிய்த்துப் பிய்த்து இழுக்கும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது.

இதை யாரும் வலிப்பு என்று நினைக்கவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லாமல் முறைக்கிறாள், திமிர் பிடித்தவள் என்று கங்காணி ஏசினார். முனி அடித்துவிட்டது என்று வீட்டில் நூல் கட்டினார்கள். நூல் கட்டுவதோடு எனக்கொரு சண்டையும் இல்லை. நூலைக் கட்டிவிட்டு மாத்திரையை நிறுத்துவதோடுதான் சண்டை. பதினைந்து வயதில் ஒருநாள் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்த பிறகே பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது கண் குத்தி நின்றது, இடது கை அடுப்புக்குள் போனது. இன்றும் இரண்டு விரல்கள் நிமிராது. கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பேசி வந்த இரண்டு சம்பந்தங்களும் நின்றுபோயின.

இந்த வகை வலிப்பு நெற்றிப்பொட்டுக்கு உள்ளே அமைந்திருக்கும் மூளைப் பகுதியில் தொடங்குகின்றது. டெம்போரல் மடல் என்பார்கள். அதன் உட்புறத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி உண்டு. கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. நினைவுகளைச் சேர்த்து வைக்க உதவுவது அதுவே. சிறு வயதில் நீண்ட நேரம் காய்ச்சல் வலிப்பு வந்த சிலருக்கு அந்த இடம் சுருங்கித் தழும்பாகிவிடுவது உண்டு. (காய்ச்சல் வலிப்பு வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆவதில்லை. மிகப் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே வளர்கின்றார்கள். தாய்மார் பயப்பட வேண்டாம்.) அந்தத் தழும்பிலிருந்து பல வருடம் கழித்து வலிப்பு கிளம்பும். மருந்துக்கு எளிதில் அடங்காத வகைகளில் இது முக்கியமானது. சத்திரசிகிச்சையால் நன்கு குணமாகும் வகைகளிலும் இதுவே முன்னிற்கின்றது.

மருந்துக்கு அடங்கவில்லை என்று எப்போது சொல்லலாம்? பத்து மருந்துகளைப் பார்த்த பிறகா, இருபது வருடம் போன பிறகா? வலிப்பு நோய் வைத்தியர்களின் சர்வதேச அமைப்பு 2010இல் இதற்கு ஒரு வரையறை தந்தது. நோயின் வகைக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒழுங்காக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. இரண்டே மருந்துகள்தான் கணக்கு. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் முன்னர் மருந்தே எடுத்திராத 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் மருந்திலேயே 47 வீதமானோருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் மேலும் 14 வீதமானோருக்கு நின்றது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பயன்பெற்றவர்கள் மூன்று வீதம் மாத்திரமே. அதாவது, இரண்டு மருந்துகள் தோற்ற பிறகு மூன்றாவதும் நான்காவதும் வெல்லும் என்று காத்திருப்பதில் பலன் குறைவு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து தோற்றதா, அல்லது மருந்து ஒழுங்காக உள்ளே போகவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது. அந்த நாள் சம்பளம் போய்விடும். அதனால் ஒரு மாத மாத்திரையை ஒன்றரை மாதத்துக்கு இழுப்பவர்களை நான் அறிவேன். 2022இல் நாட்டில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் பலருக்கு இடையில் விட்டுப்போனது. இப்படி விட்டு விட்டு எடுத்தால் நல்ல மருந்தும் வேலை செய்யாது. இன்னொன்று, வலிப்புப் போலத் தோன்றும் எல்லாம் வலிப்பு அல்ல. மயக்கமாக இருக்கலாம், மனத்தாங்கலால் வரும் இழுப்பாகவும் இருக்கலாம். அவற்றுக்கு வலிப்பு மாத்திரை உதவாது, சத்திரசிகிச்சை அறவே கூடாது.

இந்தத் தங்கச்சியின் விஷயத்தில் பெரிய உதவி செய்தது பக்கத்து வீட்டுப் பையனின் கைத்தொலைபேசி. வலிப்பு வந்த நேரத்தில் அவன் படம் பிடித்து வைத்திருந்தான். பதினொரு வருடக் கிளினிக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்த டொக்டர், அந்த இரண்டு நிமிடப் படத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். வலது கை பிய்த்து இழுக்கும் அதே நேரத்தில் இடது கை விறைத்து முறுக்கிக்கொள்வதை அவர்தான் எங்களுக்குக் காட்டினார். "வலிப்பு வலது பக்கத்தில் தொடங்குகிறது போலிருக்கு" என்றார். நாங்கள் எத்தனையோ தடவை நேரில் கண்டும் அதைக் கவனித்ததில்லை. அன்றுதான் சத்திரசிகிச்சை என்ற சொல்லை அவளுடைய அம்மா முதன்முதலாகக் கேட்டார். கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார்.

மண்டையைத் திறப்பதென்றால் யாருக்குத்தான் பயமிருக்காது? அம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். ஒரு லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடிக்கின்றது. கூரை ஒன்றாக இருப்பதால் அது லயம் முழுவதும் பரவுகின்றது. மாத்திரை என்பது எல்லாக் காம்பராவிலும் தண்ணீர் தெளித்து வைப்பது போன்றது. சத்திரசிகிச்சை என்பது தீ கிளம்பும் அந்த ஒரு காம்பராவைக் கண்டுபிடித்து அதை மட்டும் அப்புறப்படுத்துவது. தீ எப்போதும் ஒரே காம்பராவிலிருந்துதான் கிளம்புகிறது என்பது நிச்சயமாக வேண்டும். அந்தக் காம்பராவில் முக்கியமான பொருள் எதுவும் இல்லை என்பதும் நிச்சயமாக வேண்டும். மற்றச் சோதனைகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விக்காகத்தான்.

இது நேற்று முளைத்த வைத்தியமும் அல்ல. 1886இல் லண்டனில் விக்டர் ஹோர்ஸ்லி என்பவர் தலையில் அடிபட்ட தழும்பால் வலிப்பு வந்த ஓர் இளைஞனுக்கு இதைச் செய்தார். கனடாவின் மொன்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் இதனை ஒரு பெரிய கலையாகவே வளர்த்தார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். நம் ஊரில் "வேலூர் ஆஸ்பத்திரி" என்று சொல்வோமே, அதுதான். ஐம்பதுகளிலேயே அங்கு வலிப்புக்கான சத்திரசிகிச்சைகள் நடந்தன.

எனினும் நம்மைப் போன்ற வசதி குறைந்தவர்களுக்கு வழிகாட்டிய இடமென்று நான் கருதுவது திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தை. 1995 மார்ச் 20ஆம் திகதி அங்கே முதலாவது வலிப்புச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. டொக்டர் கே. ராதாகிருஷ்ணன் என்பவர் முன்னின்று அதனை வளர்த்தார். மேலைநாடுகளில் உள்ள எல்லா விலையுயர்ந்த கருவிகளும் இருந்தால்தான் செய்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எந்த நோயாளிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வீடியோ ஈ.ஈ.ஜி.யும் மட்டுமே போதுமோ, அவர்களைக் கவனமாகத் தெரிந்தெடுத்தார்கள். நம் தங்கச்சியைப் போல டெம்போரல் மடலில் தழும்பு உள்ளவர்களே அவர்களில் பெரும்பாலானோர். இவ்வாறு செலவைக் குறைத்து, ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு அந்த நிலையம் சத்திரசிகிச்சை செய்துள்ளது. ஏழை நாட்டில் முடியாது என்ற பேச்சுக்கு அது பதில்.

பலன் எப்படி? 2001இல் கனடாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. டெம்போரல் மடல் வலிப்புள்ள 80 பேரில் 40 பேரைச் சத்திரசிகிச்சைக்கும் 40 பேரை மருந்துக்கும் சீட்டுப் போட்டுப் பிரித்தது போலப் பிரித்தார்கள். ஒரு வருடத்தில், நினைவு தப்பும் வலிப்பு இல்லாமலிருந்தவர்கள் சத்திரசிகிச்சைப் பக்கத்தில் 58 வீதம், மருந்துப் பக்கத்தில் 8 வீதம். மருந்துப் பக்கத்தில் ஒருவர் இறந்தும் போனார். 2017இல் டெல்லி எய்ம்ஸ் வைத்தியசாலை 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரை வைத்துச் செய்த ஆய்வில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாக இருந்தது: 77 வீதமும் 7 வீதமும். அந்த ஆய்வில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினருக்குப் பாரதூரமான பக்கவிளைவுகள் ஏற்பட்டன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கக் கைகால் பலவீனம். மூளையின் ஒரு பாதியையே மற்றப் பாதியிலிருந்து துண்டிக்கும் பெரிய சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களுக்கு அது எதிர்பார்க்கப்பட்டதே. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பக்க மூளை முழுவதும் கெட்டு, நாளுக்குப் பல தடவை வலிப்பு வரும்போதே அதனைச் செய்வார்கள்.

திடீரெனத் தலைகுப்புற விழும் வலிப்புக்கு, இரண்டு பக்க மூளையையும் இணைக்கும் நார்ப் பட்டையை வெட்டிவிடும் முறையொன்று உண்டு. அதில் விழுவது குறையும், நோய் முற்றாகக் குணமாகாது. எதையும் வெட்ட முடியாதவர்களுக்கு, கழுத்திலுள்ள வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் சிறு கருவியை நெஞ்சுத் தோலுக்கடியில் வைப்பார்கள். விலை மிக அதிகம். மாவுப் பொருளைக் குறைத்து நெய்யையும் எண்ணெயையும் கூட்டும் கீற்றோ உணவு முறையும் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கின்றது. அது வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும் செய்ய வேண்டியது.

நம் நாட்டில் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வலிப்பு நோய்க்கான தனி நிலையம் இருக்கின்றது. சத்திரசிகிச்சையும் செய்யப்படுகின்றது. அரசாங்க வைத்தியசாலை என்பதால் கட்டணம் கிடையாது. பிள்ளைகளென்றால் சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலை. நேராக அங்கே ஓட வேண்டாம். பதுளையில் பார்க்கும் டொக்டரிடம், "இரண்டு மருந்து எடுத்தும் நிற்கவில்லை, சத்திரசிகிச்சைக்குப் பொருத்தமா என்று பார்க்க அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நாங்கள் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வலது பக்க ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பது தெரிந்தது. அடுத்தது வீடியோ ஈ.ஈ.ஜி. தலை முழுவதும் வயர்களை ஒட்டி, கமெராவுக்கு முன்னால் நாட்கணக்கில் படுக்க வைப்பார்கள். மருந்தைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். இத்தனை வருடம் வரக்கூடாது என்று வேண்டியதை, அங்கே வர வேண்டுமென்று வேண்ட வேண்டியிருக்கும்! கூட ஒருவர் தங்கியாக வேண்டும்.

நினைவாற்றல் சோதனையும் உண்டு. சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்பார்கள், படங்களைக் காட்டி மறைப்பார்கள். இதில் நம்மவர்கள் வலியுறுத்த வேண்டிய ஒரு விடயம் இருக்கின்றது. அந்தச் சோதனை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் நடக்க வேண்டும். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளையிடம் சிங்களச் சொற்களைக் கேட்டால், நினைவு குறைவா, மொழி குறைவா என்று யாருக்குத் தெரியும்? தமிழில் செய்ய ஆள் இருக்கும் நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

"அக்கா, ஒப்பரேசன் செஞ்சா அம்மாவ மறந்திருவேனா?" என்று அவள் பஸ்ஸில் என்னிடம் கேட்டாள். அது அசட்டுக் கேள்வி அல்ல. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலாய்சன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. 2008இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். அவரால் உலகம் கற்றுக்கொண்ட பாடத்தின் பின்னர் இரண்டு பக்கத்தையும் எடுப்பதில்லை. ஒரு பக்கம் நன்றாக இருக்கின்றது என்று உறுதி செய்த பிறகே மற்றதில் கை வைப்பார்கள். பெரும்பாலானோருக்குப் பேச்சும் சொல் நினைவும் இடது பக்கத்தில் இருப்பதால், இடது பக்கச் சத்திரசிகிச்சையில் பெயர்கள், சொற்கள் தடுமாறும் அபாயம் கூடுதல். வலது பக்கத்தில் அது குறைவு. அம்மாவின் முகம் மறக்காது என்று டொக்டரே அவளிடம் சொன்னார்.

வேறு அபாயங்களும் உண்டு. பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு சிறு பகுதி மறையலாம், பலர் அதை உணர்வதே இல்லை. கிருமித் தொற்று, இரத்தக் கசிவு, அரிதாகப் பக்கவாதம் ஏற்படலாம். முதல் சில மாதங்களில் மனச்சோர்வு வரலாம். உயிராபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இதனை ஒரு தட்டில் வைத்தால், வலிப்போடு வாழும் அபாயத்தை மறு தட்டில் வைக்க வேண்டும். அடுப்பும் ஆறும் சரிவான மலையும் அங்கே இருக்கின்றன. அடங்காத வலிப்புள்ள சிலர் இரவில் தூக்கத்திலேயே காரணமின்றி இறந்துபோவதும் உண்டு.

பெண்கள் விஷயத்தில் மேலும் சில காரியங்கள் உண்டு. வல்புரோயேட் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் குழந்தைக்கு உடற்குறையும் அறிவு வளர்ச்சிக் குறையும் ஏற்படும் அபாயம் அதிகம். பிள்ளை பெறும் வயதுள்ளவர்கள் மாற்று மருந்து பற்றி முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தாமாக மருந்தை நிறுத்துவது அதைவிட ஆபத்து. கார்பமசெபின், ஃபெனிடோயின், ஃபெனோபார்பிட்டோன் ஆகியவை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். இதைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி வேறு முறையைக் கேட்கலாம். வலிப்பு நின்று மருந்து குறைந்தால் இந்தச் சிக்கல்களும் இலகுவாகும் என்பது சத்திரசிகிச்சையின் அதிகம் பேசப்படாத நன்மை. கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை: இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடை என்று எழுதியிருந்ததை 1999இல் நீக்கிவிட்டார்கள். நம் தரகர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை!

மொட்டை அடிப்பார்களா என்பது அநேகமாக எல்லாப் பெண்களும் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் வெட்டும் இடத்தை ஒட்டிச் சிறிதளவு முடியை மட்டுமே வழிப்பார்கள். காதுக்கு மேலான அந்தத் தழும்பை மற்ற முடி மறைத்துவிடும். சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே மாத்திரையைத் தூக்கியெறிய முடியாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். வலிப்பு வராவிட்டாலும் ஓரிரு வருடம் தொடர்ந்து எடுத்து, பிறகு டொக்டர் சொல்லும் விதத்தில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். சிலருக்குச் சிறு அளவில் ஆயுள் முழுவதும் தேவைப்படும். சிலருக்கு வலிப்பு குறையுமே தவிர முற்றாக நிற்காது.

இரும்பைத் தேடும் பழக்கத்துக்குப் பதிலாக: வலிப்பு வந்தால் அடுப்பு, கத்தி, கல் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இன்னொருவர் இருந்தால் போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டு கைகளும் முகமும் தெரியும்படி.

மேலைநாடுகளிலேயே நோய் தொடங்கிச் சத்திரசிகிச்சைக்கு வந்து சேர ஏறத்தாழ இருபது வருடம் ஆகிவிடுகின்றது என்கின்றார்கள். இந்தத் தங்கச்சிக்குப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. நினைவாற்றல் சோதனை முடிந்துவிட்டது. வீடியோ ஈ.ஈ.ஜி.க்கு அனுமதிக்கும் திகதியும் கிடைத்திருக்கின்றது. அதன் பிறகுதான் டொக்டர்கள் கூடி முடிவு சொல்வார்கள். அவள் செய்துகொள்வதென்று தீர்மானித்துவிட்டாள். அம்மா இன்னும் ஒரு மனதாக இல்லை. கொழும்பில் அவளோடு அம்மா தங்கினால் பத்து நாள் பேர் போய்விடும், நான் தங்கினால் என் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆள் வேண்டும். யார் தங்குவது என்றுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கின்றோம்.